யார் பொறுப்பு? – ஜரிகை முதல் கிராஃபிக்ஸ் கார்டு வரை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுச்சேலை வாங்க வருகிறவர்களைச் சற்று நேரம் நின்று கவனித்தால் ஒரு பொதுப் பழக்கம் தெரியும். நிறத்தைப் பார்ப்பார்கள், உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவுவார்கள், முந்தானையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். அதன் பிறகு கேட்கும் கேள்விகள் இரண்டுதான். ஒன்று, “ஜரிகை அசல்தானா?” மற்றொன்று, “பிறகு ஏதாவது ஆனால் கொண்டுவந்து காட்டலாமா?”

இந்த இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். ஆனால் அவை வேறு வேறு. முதலாவது பொருளைப் பற்றியது. இரண்டாவது மனிதரைப் பற்றியது. முதலாவதற்குச் சோதனை விடை தரும். இரண்டாவதற்கு வாக்குத்தான் விடை.

இன்று அதே ஊரில், நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் கணினிக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டியது ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அதாவது கணினித் திரையில் தோன்றும் படத்தைக் கணக்கிட்டுத் தீட்டித் தரும் வரைகலை அட்டை. விலை முப்பதாயிரம் ரூபாய். அவரும் அந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்து ஒன்றும் அறிய முடியாது. அப்படியானால் எதை நம்பி வாங்குவது? இதற்கு விடை காணக் காஞ்சியின் பழங்கதையிலிருந்தே தொடங்கலாம்.

கோல் நிறை கூலி

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடுகள் இருக்கின்றன. உத்தம சோழன் சுமார் கி.பி. 970 முதல் 985 வரை ஆண்டவன். அந்தச் செப்பேடுகள் கச்சிப்பேடு என்று அந்நாளில் அழைக்கப்பட்ட காஞ்சிபுரத்தைப் பற்றியவை. ஊரகத்துத் திருமால் கோயிலின் வரவு செலவு அவற்றில் எழுதப்பட்டுள்ளது.

கோயிலுக்கு வந்த வரவுகளில் இரண்டின் பெயர் நம் கவனத்துக்குரியது. ஒன்று ‘கோல் நிறை கூலி’. மற்றது ‘கால் அளவு கூலி’. துலாக்கோலில் நிறுக்கப்படும் சரக்குக்கும், கால் என்னும் அளவையால் அளக்கப்படும் சரக்குக்கும் வாங்கப்பட்ட கட்டணங்கள் இவை. கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு நெசவாளர் வாழ்ந்த சேரிகளிலிருந்து வந்தவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்கை ஆண்டுதோறும் பார்க்கவும் ஏற்பாடு இருந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் நிறுப்பதும் அளப்பதும் கூலிக்குரிய ஒரு பணியாக இருந்தது என்பதை இது காட்டுகிறது. வாங்குபவரும் விற்பவரும் தமக்குள் வாதாடாமல் ஒரு பொது அளவுக்குக் கட்டுப்படுவதே சந்தையின் முதற்படி. ஆனால் துலாக்கோல் எடையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. பொருளுக்குள்ளே இருப்பதை அறிய வேறு வழி வேண்டும்.

ஜரிகைக்குள் என்ன இருக்கிறது?

அசல் ஜரிகை எப்படிச் செய்யப்படுகிறது? வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுத்து, அதைத் தட்டையாக்கி, சிவப்புச் சாயமிட்ட பட்டு நூலின்மேல் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். அதன்மேல் தங்க முலாம் பூசப்படுகிறது. போலியில் வெள்ளிக்குப் பதிலாகச் செம்புக் கம்பி இருக்கும். அல்லது உலோகம் பூசிய பிளாஸ்டிக் இழையே இருக்கும். கடையில் விளக்கொளியில் பார்க்கும்போது மூன்றும் ஒன்றுபோல மின்னும்.

ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பது பழைய வழி. ஆனால் போலி செய்கிறவரும் சிவப்பு நூலின்மேல் செம்பைச் சுற்றினால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். இப்போது எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை பயன்படுகிறது. ஜரிகையின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அணுக்களின் உட்கூட்டிலிருந்து எலெக்ட்ரான் வெளியேறுகிறது. அந்தக் காலியிடத்தை வெளிக்கூட்டு எலெக்ட்ரான் நிரப்பும்போது அணு தனக்கே உரிய ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிரை வெளியிடுகிறது. வெள்ளியின் கதிர் வேறு, செம்பின் கதிர் வேறு, தங்கத்தின் கதிர் வேறு. ஆகவே சேலையை வெட்டாமலே உலோகங்களின் அளவு தெரிந்துவிடுகிறது.

கருவி மட்டும் போதுமா? போதாது, பொறுப்பேற்க நிறுவனமும் வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தரமான ஜரிகை கிடைக்க வேண்டும் என்பதற்காக 1971ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் காஞ்சிபுரத்தில் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. பிறகு முத்திரைகள் வந்தன. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் ‘சில்க் மார்க்’ 2004ஆம் ஆண்டிலும், ‘கைத்தறி முத்திரை’ 2006ஆம் ஆண்டிலும் வந்தன. இதற்கிடையே 2005–06இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சில்க் மார்க், நூல் தூய பட்டு என்று சொல்கிறது. ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்று சொல்கிறது. பட்டின் தூய்மையைச் சொல்வதில்லை. புவிசார் குறியீடு, பிறந்த இடத்தைச் சொல்கிறது. ஒவ்வொரு முத்திரையும் ஒரு கேள்விக்குத்தான் விடை. ஒரு முத்திரையைப் பார்த்துவிட்டு எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்ததாக எண்ணுகிறவரே ஏமாறுகிறார்.

துளையிட்ட அட்டையிலிருந்து

பட்டுத்தறிக்கும் கணினிக்கும் பழைய உறவு உண்டு. 1804ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு ஒரு தறிப்பொறியை அமைத்தார். எந்த இழை மேலே எழ வேண்டும், எது தங்க வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் அதில் முடிவு செய்தன. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830களில் தமது கணக்குப் பொறிக்கு அதே அட்டைகளைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு, ஹெர்மன் ஹோலரித்தின் துளையட்டைப் பொறியால் தொகுக்கப்பட்டது.

காஞ்சிபுரத்தில் ‘அடை’ கட்டி உரு எடுத்த பழைய முறைக்குப் பிறகு ஜக்கார்டு பெட்டி தறியின் மேல் ஏறியது. கட்டத்தாளில் வரைந்த அன்னத்தையும் யாளியையும் அட்டையில் துளைகளாக வெட்டித் தைத்தார்கள். இன்று பல உருக்கள் கணினித் திரையில் வரையப்படுகின்றன. நம் இளைஞர் கணினிக் கடைக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

அவருக்கு இங்கேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடலாம். சேலை உருவைக் கட்டம் கட்டமாக வரைவதற்கு மட்டும் தனிக் கார்டு தேவையில்லை. கணினியோடு சேர்ந்தே வரும் வரைகலைப் பகுதி போதும். அசையும் படம் தொகுக்கவும், முப்பரிமாண உருவம் அமைக்கவும், பெரிய விளையாட்டுகளுக்கும், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கும்தான் அது வேண்டும். தேவையில்லாத பொருள் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் அதை வாங்குவது நட்டமே.

கார்டு ஏன் பழுதாகிறது?

கார்டின் நடுவில் ஒரு சிலிக்கன் சில்லு இருக்கிறது. அதை அடித்தட்டோடு இணைப்பவை மிகச் சிறிய பற்றாசுப் புள்ளிகள். கார்டு வேலை செய்யும்போது சூடேறுகிறது, நிறுத்தினால் ஆறுகிறது. சூட்டில் எல்லாப் பொருளும் விரியும். ஆனால் ஒரே அளவில் விரியாது. சிலிக்கன் குறைவாக விரிகிறது. அடித்தட்டு அதைப்போலச் சில மடங்கு விரிகிறது. இடையில் அகப்பட்ட பற்றாசு ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவது போல, ஆயிரக்கணக்கான சூட்டுச் சுற்றுகளுக்குப் பிறகு அது விரிசல் காணலாம். இதைத் தவிர விசிறியின் அச்சு தேயும். மின்னோட்டத்தைச் சீர்செய்யும் மின்தேக்கிகள் கெடும்.

இவற்றை ஆராய ஒரு தனித்துறையே தோன்றியது. இரண்டாம் உலகப்போரில் வானொலிக் குழல்கள் அடிக்கடி பழுதானதால் ஏற்பட்ட தொல்லை அதற்கு ஒரு தூண்டுதல். 1951இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் வாலோடி வைபுல் பொருள்கள் பழுதாகும் காலத்தைக் கணிக்கும் ஒரு சமன்பாட்டை விளக்கினார். 1957இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைத்த குழு மின்னணுக் கருவிகளின் நம்பகத்தன்மையை எப்படி அளப்பது என்று அறிக்கை தந்தது.

இத்துறை கண்ட ஒரு பொதுவடிவம் குளியல்தொட்டியின் வெட்டுத்தோற்றத்தைப் போன்றது. தொடக்கத்தில் பழுதுகள் மிகுதி: தொழிற்சாலையில் நேர்ந்த குறைகள் முதல் சில வாரங்களில் வெளிப்படும். நடுவில் நீண்ட சமதளம்: பழுது எப்போதாவது வரும். கடைசியில் மீண்டும் ஏற்றம்: தேய்மானத்தால் வரும் பழுது. ஓராண்டு உத்தரவாதம் தொட்டியின் முதற் சரிவை மட்டும் காக்கிறது. மூன்றாண்டு உத்தரவாதம் சமதளத்திலும் நம்முடன் வருகிறது.

இனி, விளம்பரத் தாள்களில் காணும் ஓர் எண்ணைப் பார்ப்போம். ‘பழுதுகளுக்கு இடையே சராசரிக் காலம் 10 லட்சம் மணி’ என்று போட்டிருக்கும். ஓராண்டுக்கு 8,760 மணி. 10 லட்சத்தை அதனால் வகுத்தால் 114 ஆண்டு வருகிறது. அப்படியானால் பொருள் 114 ஆண்டு உழைக்குமா? இல்லை. சமதளக் காலத்தில் ஆயிரம் பொருள்கள் ஓராண்டு இடைவிடாது இயங்கினால் மொத்தம் 87.6 லட்சம் மணி ஆகிறது. அதில் ஏறக்குறைய ஒன்பது பழுதாகும் என்பதே அதன் பொருள். அந்த ஒன்பதில் உங்களுடையது ஒன்றா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

பட்டுக்கும் கார்டுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. ஜரிகையில் உள்ள வெள்ளி இன்றே இருக்கிறது, இன்றே அளக்கலாம். கார்டின் உழைப்போ எதிர்காலத்தில் இருக்கிறது. அதை முழுதும் அளக்க வேண்டுமானால் கார்டு கெடும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு விற்க ஒன்றும் மிஞ்சாது. நம்பகத்தன்மை என்பது தொகுதிக்கு உரியது; தனிப்பொருளுக்கு உரியதன்று. அந்த இடைவெளியை நிரப்பவே உத்தரவாதம் வேண்டியிருக்கிறது.

வரலாறு தந்த மூன்று பாடங்கள்

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் கணினிப் பலகைகளில் இருந்த மின்தேக்கிகள் பல, உள்ளிருந்த நீர்மக் கலவையின் குறையால் உப்பி வெடித்தன. பல பெரிய நிறுவனங்களின் கணினிகளும் அதற்குத் தப்பவில்லை. டெல் நிறுவனம் இத்தகைய பலகைகளை மாற்றித் தருவதற்காக 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. பெயர்பெற்ற நிறுவனமும் பிறர் செய்த உறுப்பை வாங்கித்தான் பொருத்துகிறது என்பது முதற் பாடம்.

2008 ஜூலையில், சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கான தன் சில்லுகள் சிலவற்றில் சில்லையும் அடித்தட்டையும் பிணைக்கும் பொருள் வலுக்குறைந்திருந்ததாக அறிவித்தது. உத்தரவாதச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சில கணினி நிறுவனங்கள் அந்த மாதிரிகளுக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டின. சூட்டுச் சுற்றால் வரும் பழுது உடனே வெளிப்படாது, உத்தரவாதம் முடியும் வேளையிலும் வரலாம் என்பது இரண்டாம் பாடம்.

மூன்றாவது பாடம்தான் மிக முக்கியமானது. அமெரிக்காவில் பி.எஃப்.ஜி. டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் என்விடியா சில்லுகளைக் கொண்டு கிராஃபிக்ஸ் கார்டு செய்து விற்றது. தன் கார்டுகளுக்கு ‘ஆயுள் உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்தது. 2010 மே மாதத்தில் அது கார்டுத் தொழிலை விட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனமே மூடப்படும் நிலை வந்தது. பழுது நீக்க அனுப்பிய கார்டுகள், பழுது நீக்கப்படாமலே சொந்தக்காரர்களிடம் திரும்பி வந்தன. ஆயுள் என்றால் யாருடைய ஆயுள்? வாங்கியவரின் ஆயுளுமன்று, கார்டின் ஆயுளுமன்று. வாக்குக் கொடுத்தவரின் ஆயுள்!

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஈ.வி.ஜி.ஏ. என்ற மற்றோர் அமெரிக்க நிறுவனம் 2022 செப்டம்பரில் கார்டுத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தபோது, முன்பு விற்றவற்றின் உத்தரவாதத்தைத் தொடர்ந்து காப்பதாகவும் அறிவித்தது. தொழிலை விடுவது வேறு; சொல்லை விடுவது வேறு.

வாங்குமுன் எடை போடுவது எப்படி?

ஒரு காஞ்சிப் பட்டில் கர்நாடகத்துப் பட்டுநூல் இருக்கும். சூரத்து ஜரிகை இருக்கும். இவ்வூர் நெசவாளியின் உழைப்பு இருக்கும். ஆயினும் நாம் பதில் கேட்பது கடைக்காரரிடம். கார்டிலும் இப்படி ஒரு சங்கிலி உண்டு: சில்லை வடிவமைப்பவர் ஒருவர், வார்ப்பவர் மற்றொருவர், கார்டாகப் பொருத்துபவர் வேறொருவர், பிறகு இறக்குமதியாளர், கடைக்காரர். பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட பெயர் சில்லுக்காரருடையதாக இருக்கலாம். உத்தரவாதம் தருபவர் பெரும்பாலும் கார்டைப் பொருத்தியவர். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, “இந்தியாவில் இதற்குப் பதில் சொல்பவர் யார்? அவருடைய சேவை நிலையம் எங்கே?” என்பதுதான். காஞ்சியிலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். கார்டைக் கையில் கொண்டுபோகலாமா, அஞ்சலில் அனுப்ப வேண்டுமா, அந்தச் செலவு யாருடையது என்பனவும் விலையின் பகுதியே.

இரண்டாவதாக, உத்தரவாதத் தாளைப் படிக்க வேண்டும். காலம் ரசீது நாளிலிருந்து எண்ணப்படுகிறதா, தயாரித்த நாளிலிருந்தா? வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த கார்டுக்கு இங்கே செல்லுமா? பல நிறுவனங்களில் விற்ற நாட்டில் மட்டுமே செல்லும். மாற்றாகத் தருவது புதியதா, செப்பனிட்டதா? இவற்றுக்கு விடை தெரியாமல் ‘மூன்றாண்டு’ என்ற சொல்லை மட்டும் நம்பக்கூடாது.

மூன்றாவதாக, ஒரு சிறு கணக்கு. எடுத்துக்காட்டாக, ஓராண்டு உத்தரவாதக் கார்டு 30,000 ரூபாய், அதே திறனுள்ள மூன்றாண்டு உத்தரவாதக் கார்டு 32,000 ரூபாய் என்று கொள்வோம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று பழுதாகும் என்றும் கொள்வோம். எதிர்பார்க்கும் இழப்பு 30,000இல் நூற்றுக்கு ஆறு, அதாவது 1,800 ரூபாய். கூடுதல் விலையோ 2,000. கணக்கின்படி கிட்டத்தட்டச் சமம். ஆனால் நூறு கார்டு வாங்கும் அலுவலகத்துக்குச் சராசரி பொருந்தும். ஒரே கார்டு வாங்கும் குடும்பத்துக்குச் சராசரி என்று ஒன்று இல்லை. போனால் முப்பதாயிரமும் போயிற்று. இழப்பைத் தாங்க முடியாதவருக்கே நீண்ட உத்தரவாதம் அதிக மதிப்புடையது.

நான்காவதாக, பழைய கார்டு. ஈதர் என்னும் மின்னணு நாணயத்தை ஈட்டக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டிய காலம் 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றியதும் முடிந்தது. அந்தக் கார்டுகள் பல சந்தைக்கு வந்தன. மலிவாகக் கிடைக்கும் கார்டு குளியல்தொட்டியின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘வாங்குபவன்தான் விழிப்பாக இருக்க வேண்டும்’ என்பது பழைய ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அதற்கு ஒரு வரம்பு கட்டியது. சோதித்தால் தெரிந்திருக்கக்கூடிய குறை வாங்கியவர் பொறுப்பு. ஆனால் அத்தகைய சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்டவர், விற்கத்தக்க தரத்தில் தர வேண்டும். 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டின் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வாங்கியவர் தாம் வாழும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு துண்டுத் தாள்: ரசீது. கார்டின் வரிசை எண் எழுதப்பட்ட ரசீதை வாங்கி, அதை உடனே ஒரு படமும் எடுத்து வைக்க வேண்டும். முதல் சில வாரங்களில் கார்டுக்கு நன்றாக வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைக் குறை இருந்தால் கடைக்காரர் எளிதில் மாற்றித் தரக்கூடிய நாளிலேயே வெளிப்பட்டுவிடும்.

நம் இளைஞரின் வீட்டில் பாட்டியின் திருமணச் சேலை இருக்கலாம். ஜரிகையின் வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து சற்றுக் கறுத்திருக்கும். ஆயினும் பழைய பட்டு வாங்குகிறவர் அதற்கும் ஒரு விலை சொல்வார். வெள்ளி அங்கேயே இருக்கிறது. பழுதான கார்டில் அப்படி எதுவும் மிஞ்சாது. அதன் மதிப்பு முழுவதும் அது இயங்குவதில் இருக்கிறது. அது இயங்காத நாளில் எஞ்சுவது யாரோ ஒருவர் கொடுத்த சொல்தான். ஆகவே கார்டை ஒரு முறை பாருங்கள்; சொல் கொடுத்தவரை இரண்டு முறை பாருங்கள்.